பள்ளத்தாக்குக்கு ஓர் அலமாரி

பண்ணைப்புரத்துக்கு வரும் வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: இளையராஜா வீடு எது? வழி காட்டினால் போதும். வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு, கோம்பை வழியாக உத்தமபாளையத்துக்கோ தேவாரம் வழியாகப் போடிக்கோ வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். அபூர்வமாக ஒருவர் இருவர் மேற்கே நிமிர்ந்து நிற்கும் மலையைப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கத்தைப் பத்திப் படிக்க ஏதாவது புத்தகம் இருக்கா?" என்று கேட்பதுண்டு. இந்தக் கட்டுரை அவர்களுக்காக. உள்ளூர்க்காரர்களும் படிக்கலாம். நம்மைப் பற்றி யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று நாமே தேடிப் பார்த்தது குறைவு.

கம்பம் பள்ளத்தாக்கு பாட்டாலும் படத்தாலும் உலகுக்குத் தெரிந்த மண். பண்ணைப்புரம் இசையையும் அல்லிநகரம் பாரதிராஜாவையும் கொடுத்துவிட்டதால், இங்கே எழுத்து என்று ஒன்று உண்டா என்றே பலர் யோசிப்பதில்லை. உண்டு. நிறையவே உண்டு. ஆனால் அதில் ஒரு சாய்வும் உண்டு. இந்த மண்ணைப் பற்றிய எழுத்தில் பெரும்பகுதி தண்ணீரைச் சுற்றியது. தண்ணீர் எழுத்திலும் பெரும்பகுதி அணையைக் கட்டியவரைச் சுற்றியது. அணை வந்த பிறகு கீழே இருந்தவர்கள் என்ன ஆனார்கள், தண்ணீர் வராத மலையடிவாரத்தில் இருந்தவர்கள் எதற்காக மலை ஏறினார்கள் என்று கேட்ட நூல்கள்தான் படிக்கத் தகுந்தவை என்பது என் கட்சி. அந்தக் கட்சியை வைத்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

ஊர்க்காரர்கள் எழுதியதிலிருந்து தொடங்கலாம். இளையராஜா புத்தகங்களும் எழுதியிருக்கிறார் என்பது அவருடைய ரசிகர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. 'வெட்டவெளிதனில் கொட்டிக் கிடக்குது', 'பால் நிலாப் பாதை' ஆகியவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 'சங்கீதக் கனவுகள்'. ஐரோப்பிய இசை மேதைகள் வாழ்ந்த ஊர்களைத் தேடிப்போன பயணக் குறிப்பு அது. மலையடிவாரத்துக் கிராமத்தில் அண்ணனின் ஆர்மோனியத்தைத் தொட்டு வளர்ந்த ஒருவர், தன் மனத்துக்குள் ஏற்கெனவே குடியேறிவிட்டவர்களின் ஊரை நேரில் பார்க்கும்போது உண்டாகும் தவிப்பு அதில் அப்படியே இருக்கிறது. எழுத்தாளருக்குரிய செதுக்கல் கிடையாது. அங்கங்கே ஆன்மிகம் அளவு மீறுகிறது. என்றாலும் தொழில் தெரிந்தவர் தொழிலைப் பற்றிப் பேசும் பக்கங்களுக்காகவே வாங்கலாம்.

ஊர் வாசனை வேண்டுமென்றால் கங்கை அமரனின் 'பண்ணைப்புரம் எக்ஸ்பிரஸ்'. தம்பியின் கண்ணால் பார்த்த குடும்பம், கச்சேரி, பசி, கேலி. வாய்க்கு வந்தபடி பேசிக்கொண்டே போவது போன்ற நடை. அதுதான் அதன் பலம். தேர்ந்த வாழ்க்கை வரலாற்றை எதிர்பார்த்துப் போகிறவர் ஏமாறுவார். திண்ணைப் பேச்சுக்குக் காது கொடுக்கத் தெரிந்தவருக்கு விருந்து.

இந்தக் குடும்பத்தின் மைய ஆள், இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராசன். 1958இல் கேரளத்தின் தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூசுக்காக, தேயிலைத் தோட்டத் தமிழர்களிடையே பாடிப் பாடி ஓட்டுக் கேட்டவர். ஆட்சிக்கு வந்து ஓராண்டே ஆன இ.எம்.எஸ். அரசுக்கு அந்த வெற்றி முக்கியம். பாவலருடைய பாட்டுக்கு அதில் பெரும்பங்கு உண்டு என்று இந்தப் பக்கத்துப் பழைய தோழர்கள் சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்த ஒரு சம்பவத்தில் பள்ளத்தாக்கின் முக்கால் கதை அடங்கிவிடுகிறது: கீழே ஒரு தமிழ்க் கிராமம், மேலே இன்னொரு மாநிலத்தின் தோட்டம், இரண்டுக்கும் நடுவில் ஏறி இறங்கும் கூலி, அந்தக் கூலிக்கு ஒரு பாட்டு. கங்கை அமரனின் புத்தகத்தைப் படிக்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொண்டால், வேடிக்கைக் கதைகளுக்கு அடியில் வேறொன்று ஓடுவது புலப்படும்.

இளையராஜாவைப் பற்றிப் பிறர் எழுதியவற்றில் பாதி, துதி. விதிவிலக்கு, புதுச்சேரியைச் சேர்ந்த பிரேம் – ரமேஷ் இருவரும் சேர்ந்து எழுதி 1998இல் வந்த 'இளையராஜா: இசையின் தத்துவமும் அழகியலும்'. சினிமாப் பாட்டைக் கோட்பாட்டு மொழியில் ஆராயும் துணிச்சல் தமிழில் அன்றைக்குப் புதிது. சாதி, நாட்டார் மரபு, செவ்வியல் அதிகாரம் ஆகிய மூன்றையும் ஒரு மெட்டுக்குள் வைத்துப் பேசியது. சில பத்திகளை இரண்டு மூன்று முறை படித்தால்தான் பிடிபடும். சில பிடிபடுவதே இல்லை. இருந்தும் அதற்குப் பிறகு வந்த புகழ்மாலைகளைவிட இது எவ்வளவோ மேல்.

இனித் தண்ணீர்.

1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூரும் சென்னை மாகாண அரசும் கையெழுத்திட்ட பெரியாற்றுக் குத்தகை 999 ஆண்டுக்கானது. 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய். 1895 அக்டோபரில் பெரியாறு அணை திறக்கப்பட்டது. மேற்கே அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த ஆற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். இந்தக் கதையின் மூல நூல், அந்தத் திட்டத்திலேயே வேலை பார்த்த பொறியாளர் ஏ.டி. மெக்கன்சி ஆங்கிலத்தில் எழுதி, 1899இல் சென்னை அரசு அச்சகம் வெளியிட்ட பெரியாறுத் திட்ட வரலாறு. பொறியாளர் எழுதிய கணக்கு நூல்தான். சுண்ணாம்பும் சுர்க்கியும் எப்படிச் சேர்த்தார்கள், வெள்ளம் எத்தனை முறை வேலையை அடித்துக்கொண்டு போனது, மலேரியா பரவும் மாதங்களில் முகாமை எப்படிக் காலி செய்தார்கள் என்று எழுதிக்கொண்டே போகிறார். உணர்ச்சியில்லாத அந்த நடையில்தான் சாவுகள் நம்மை அறைகின்றன. காய்ச்சலிலும் காலராவிலும் போன கூலிகள் அவருக்குச் செலவுக் கணக்கின் ஒரு பகுதி. அவர் மறைக்கவில்லை, அழவும் இல்லை.

இந்த நூலைப் படித்தவர்களுக்கு, அணையைக் கட்டிய பென்னிகுயிக்குக்கு இங்கே நடக்கும் வழிபாடு கொஞ்சம் நெருடும். சொந்தச் சொத்தை விற்று அணை கட்டினார் என்பது இங்கே டீக்கடை பெஞ்சிலிருந்து அரசியல் மேடைவரை சொல்லப்படும் கதை. பணம் போட்டது சென்னை மாகாண அரசு என்பது பதிவு. அதனால் அந்த மனிதரின் பெருமை குறைந்துவிடாது. பாலார்பட்டியில் அவர் பிறந்த நாளான ஜனவரி 15 அன்று பொங்கல் வைப்பவர்களின் நன்றியும் உண்மையானதுதான். லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. தேனிப் பேருந்து நிலையத்துக்கு அவர் பெயர். கல்லையும் மண்ணையும் சுமந்து மலையிலேயே புதைந்தவர்களுக்குப் பெயர் எழுதின பலகை ஒன்றுகூட இந்தச் சாலை ஓரத்தில் கிடையாது. புத்தகங்கள் இந்தக் குறையைத் தீர்க்க வேண்டியவை.

ஓரளவு தீர்த்திருக்கிறது, அ. வெண்ணிலாவின் 'நீரதிகாரம்'. வந்தவாசிக்காரர் இங்கே வந்து இந்த அணையை எழுதினார் என்பது நம்மூர் எழுத்தாளர்களுக்குக் கொஞ்சம் உறைக்க வேண்டிய செய்தி. ஆனந்த விகடனில் தொடராக வந்து, பிறகு கனத்த நூலானது. ஆவணங்களைத் தோண்டியவரின் உழைப்பு பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. பென்னிகுயிக்கும் அவர் மனைவியும் இருக்கிறார்கள். திருவிதாங்கூர் அரண்மனையின் கணக்கும் கவலையும் இருக்கின்றன. காட்டுக்குள் கூலிக்குப் போனவர்களும் அவர்களுடைய குடும்பங்களும் இருக்கிறார்கள். கேரளத் தரப்பு என்றாலே வில்லன் என்று பழகிய காதுக்கு, திவான் தரப்பிலிருந்தும் நியாயம் கேட்கும் இந்த நாவல் நல்ல மருந்து. தொடர்கதைக்கே உரிய நோயும் உண்டு. வாராவாரம் ஒரு கொக்கி வைக்க வேண்டியிருப்பதால் சில அத்தியாயங்கள் தேவையில்லாமல் பதறுகின்றன; உரையாடல்கள் சில இடங்களில் ஆவணத்தையே ஒப்பிக்கின்றன. நூலாக்கும்போது கால்வாசியைக் குறைத்திருக்கலாம். குறைக்காமலேயேகூட, அணையைப் பற்றி மேடையில் பேசப்போகிறவர் யாராயினும் முதலில் இதைப் படித்துவிட்டுப் பேசினால் நல்லது.

சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' (2008) மதுரையின் கதை என்றாலும், அதன் கடைசிப் பகுதிகள் நம்மூரையும் தொடுகின்றன. தாது வருஷப் பஞ்சம், களவும் காவலும் செய்து பிழைத்தவர்கள் மீது இறங்கிய வெள்ளைக்காரச் சட்டம், அந்தச் சட்டத்துக்கு முன்பிருந்த உலகம். ஆயிரம் பக்கம் தாண்டும் நாவல். பாதியில் விட்டவர்களை எனக்குத் தெரியும்; விட்டவர்கள் மறுபடி எடுக்கும்போது இரண்டாம் பாதியிலிருந்து எடுத்தாலும் பாவமில்லை. 2011இல் சாகித்ய அகாதெமி கிடைத்தபோது நடந்த சண்டைகளெல்லாம் அடங்கிவிட்டன. களவு நடக்கும் இரவுகளை இவ்வளவு நுணுக்கமாகத் தமிழில் யாரும் எழுதவில்லை என்பது இன்னும் நிற்கிறது.

ஓர் அணை தண்ணீர் கொண்டுவந்தது; இன்னோர் அணை ஊர்களை விழுங்கியது. ஆண்டிப்பட்டி அருகே வைகை அணை 1959இல் திறக்கப்பட்டது. நீர் தேங்கும் பரப்பில் இருந்த கிராமங்கள் மூழ்கிப் போயின. அப்படிப் போன மெட்டூரில் பிறந்து வடுகபட்டியில் வளர்ந்தவர் வைரமுத்து. 'கள்ளிக்காட்டு இதிகாசம்' அந்த நினைவிலிருந்து வந்தது. 2003இல் சாகித்ய அகாதெமி பெற்றது. பேயத்தேவர் என்ற சம்சாரிக்கு, வானத்தோடும் கடனோடும் உறவுக்காரரோடும் போராடிக் கடைசியில் அரசாங்கத்தின் தண்ணீரோடு போராட வேண்டியிருக்கிறது. வைரமுத்துவின் உரைநடை கவியரங்கத்தில் நிற்பது போல் அடிக்கடி குரலை உயர்த்தும். உவமை இல்லாமல் ஒரு வாக்கியம் முடியாது. ஆனால் மாடு ஈனுவது, கிணறு வெட்டுவது, கள்ளிக்காட்டில் விறகு பொறுக்குவது என்று வேலையைச் சொல்லும் இடங்களில் அந்தக் குரல் தானாகத் தணிந்துவிடுகிறது. அந்தப் பக்கங்களுக்காக நான் இதைப் பலருக்குக் கொடுத்திருக்கிறேன், திரும்பி வந்ததில்லை.

'கருவாச்சி காவிய'த்தில் புருஷனால் கைவிடப்பட்ட ஒருத்தி தனியாக நின்று பிழைக்கும் வைராக்கியம் இருக்கிறது. எனினும் அவளைச் சுற்றியிருக்கும் ஊரைவிட அவள் படும் துன்பம் பெரிதாக எழுதப்பட்டிருக்கிறது. 'மூன்றாம் உலகப் போர்' பருவநிலை மாற்றத்தை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்து பேச முயன்றது. நோக்கம் நல்லது. கதை மாந்தர்கள் ஒருவரோடு ஒருவர் பேசாமல் கருத்தரங்கத்தில் கட்டுரை வாசிக்கிறார்கள். நேரம் குறைவென்றால் இதைத் தள்ளிவிடலாம்.

இந்த அலமாரியில் நடுத்தட்டில் வைக்க வேண்டிய நூல், நாவலே அல்ல. தமிழிலும் எழுதப்பட்டதல்ல. ஆனந்த் பாண்டியன் என்ற மானிடவியலாளர் ஆங்கிலத்தில் எழுதி 2009இல் டியூக் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட 'குரூக்கட் ஸ்டாக்ஸ்'. அமெரிக்காவில் வளர்ந்த தமிழர். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர். கம்பம் பள்ளத்தாக்கிலேயே தங்கி, பிரமலைக் கள்ளர் சமூகத்து விவசாயிகளோடு வயலிலும் தோப்பிலும் திரிந்து எழுதியது.

அவருடைய கேள்வி எளிமையானது போலத் தோன்றும்: நல்ல மனுசனாக வாழ்வது என்றால் என்ன என்று இந்த ஊர்க்காரர்கள் எப்படி யோசிக்கிறார்கள்? வெள்ளைக்கார அரசு 1911ஆம் ஆண்டுக் குற்றப் பழங்குடிச் சட்டத்தை வைத்து ஒரு சமூகத்தையே பிறவிக் குற்றவாளிகள் என்று பட்டியலில் போட்டது. ரேகை வைக்க மறுத்தவர்கள் மீது 1920 ஏப்ரல் 3இல் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு. அதோடு நிற்காமல், இவர்களைத் திருத்துகிறோம் என்று பள்ளிக்கூடம், கூட்டுறவு, நிலம், ஏர் என்று ஒரு பெரும் ஏற்பாட்டையும் அரசு செய்தது. கள்ளர் சீரமைப்புப் பள்ளி என்ற பெயர்ப்பலகையை மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றைக்கும் பார்க்கலாம். களவை விட்டு ஏர் பிடித்தால் மனம் திருந்தும் என்பது அரசின் கணக்கு.

வேறொருவராக இருந்தால் இத்தோடு அரசைக் கண்டித்து முடித்திருப்பார். பாண்டியன் அங்கே நிற்கவில்லை. மனத்தை நிலம் போல் பண்படுத்த வேண்டும் என்ற எண்ணம் அரசு கொண்டுவந்து கொட்டியதா, இங்கே முன்பே இருந்ததா என்று கேட்கிறார். பழந்தமிழ் அற நூல்களையும் கோயில் சடங்கையும் சினிமாவையும் பெரியவர்களின் பேச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். அடக்கம், நாகரிகம், பாடுபடுதல், இரக்கம் என்று நாம் ஒரு நாளைக்குப் பத்து முறை சொல்லும் சொற்களுக்குள் அதிகாரமும் இருக்கிறது, சொந்த மரபும் இருக்கிறது, இரண்டையும் பிரித்தெடுக்க முடியாதபடி பின்னிக்கிடக்கின்றன என்று காட்டுகிறார். மாட்டை அடிப்பதும் பிள்ளையை அடிப்பதும் பற்றி இவர்கள் பேசுவதைக் கேட்டு, அதிலிருந்து ஆட்சியைப் பற்றி அவர் யோசிக்கும் இடம் அபாரம்.

கல்விப்புலத்து ஆங்கிலம்தான், அடிக்குறிப்பும் உண்டு. ஆனால் ஆட்கள் உயிரோடு இருக்கிறார்கள், பேசுகிறார்கள், ஆய்வாளரையே கேலி செய்கிறார்கள். ஆய்வாளர்களில் 'நாம் அவர்களைப் பற்றி எழுதுகிறோம்' என்ற உயரத்தில் நிற்பவர்கள் அதிகம். இவர் வரப்பில் நிற்கிறார். குறை என்று சொன்னால் ஒன்றைச் சொல்லலாம். பெரியாற்றுப் பாசனத்தில் இருபோகம் விளையும் 14,707 ஏக்கரைச் சுற்றிய உலகம் இதில் விரிவாக வருகிறது. அந்த வயலில் நாற்று நட்டுக் களை எடுக்கும் தலித் கூலிகளின் பக்கத்திலிருந்து அதே கேள்வியைக் கேட்டிருந்தால் விடை வேறு மாதிரி வந்திருக்கும். நல்ல மனுசன் என்ற சொல் அவர்கள் வாயில் எதைக் குறிக்கும்?

ஆங்கிலம் வேண்டாம் என்பவர்களுக்கு ஆனந்த் பாண்டியனைத் தமிழிலேயே படிக்க ஒரு வழி இருக்கிறது. தன் தாத்தா ம.பெ. மாரியப்பனோடு சேர்ந்து அவர் உருவாக்கிய 'மிச்சம் மீதி: ஓர் அனுபவக் கணக்கு', காலச்சுவடு வெளியீடு. பர்மாவில் கழிந்த இளமை, யுத்தத்தில் தப்பி வந்தது, மதுரையில் பழ வியாபாரம். பள்ளத்தாக்கின் கதையல்ல. ஆனால் தேனி மாவட்டத்துத் தோப்புகளில் காய்த்த பழம் எந்த மனிதர்களின் கை வழியே போனது என்று தெரிந்துகொள்ள விரும்பும் எவரும் ஒரே மூச்சில் படித்துவிடலாம். ஒரு வியாபாரியின் கணக்குப் புத்தி வாழ்க்கையையும் எப்படி வரவு செலவாகப் பார்க்கிறது என்பதே இதன் சுவை.

இனி மலை. பண்ணைப்புரம் பெரியாற்று நெல்வயலின் நடுவில் இல்லை. ஆற்றோரத்துக் கம்பத்துக்கும் சின்னமனூருக்கும் இருக்கும் ஈரம் மலையடிவாரத்துக்கு இல்லை. மழை மறைவுப் பிரதேசம். கிணற்றை நம்பியும் வானத்தை நம்பியும் வெள்ளாமை. பதினெட்டாம் கால்வாயில் தண்ணீர் விடும் காலத்தில் கண்மாய்க்குக் கொஞ்சம் உயிர் வரும். அதனால்தான் கோம்பை, பண்ணைப்புரம், தேவாரம், போடி என்று இந்த வரிசை முழுவதும் விடியுமுன்பே ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து, ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு இடுக்கிக்குப் போகிறார்கள். பெரும்பாலும் பெண்கள். ஏலக்காய் ஏலம் நடக்கும் போடியில் கிலோ விலை ஏறினால் நாளிதழில் செய்தி. ஜீப் உருண்டால் ஒருநாள் செய்தி.

இந்த மலைவாழ்வைப் பற்றிய முதல் நூல் என்று பலரும் நீட்டுவது 'எரியும் பனிக்காடு'. பி.எச். டேனியல் என்ற தோட்ட மருத்துவர் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ'யை இரா. முருகவேள் தமிழாக்கினார். களம் வால்பாறை; நம் மலையல்ல. பாலாவின் 'பரதேசி' (2013) அதைத் தழுவி வந்தபின் விற்பனை கூடியது. படத்தை மறந்துவிட்டு நாவலைப் படியுங்கள். மருத்துவர் எழுதியதால் நோயும் உடலும் பொய்யில்லாமல் இருக்கின்றன. கங்காணி எப்படிக் கடன் கொடுத்து ஆளைக் கட்டுகிறான் என்ற இயந்திரம் முழுதாகக் கழற்றிக் காட்டப்படுகிறது. முருகவேளின் மொழிபெயர்ப்பு, தமிழிலேயே எழுதப்பட்டதோ என்று எண்ணவைக்கும்.

நம் மலைக்கு நெருங்கியது, ஜெயசீலன் ராஜ் எழுதிய 'பிளாண்டேஷன் கிரைசிஸ்' (2022). பீர்மேடு தேயிலைத் தோட்டங்களின் தமிழ்த் தலித் தொழிலாளர்களைப் பற்றியது. எழுதியவரே தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளை. தேயிலை விலை விழுந்து தோட்டங்கள் மூடப்பட்டபோது நூறு ஆண்டாக அங்கேயே இருந்தவர்கள் எங்கே போனார்கள்? திருப்பூருக்கும் கட்டட வேலைக்கும் போன பிள்ளைகள், தோட்டத்திலிருந்து வருகிறோம் என்பதை ஏன் மறைக்க வேண்டியிருந்தது? தோட்டத்து லயத்தில் அவ்வளவாக உறைக்காத சாதி, சமவெளிக்கு இறங்கியதும் எப்படிக் கழுத்தைப் பிடிக்கிறது? லண்டன் யூ.சி.எல். பதிப்பகம் இதை இணையத்தில் இலவசமாகவே தருகிறது. விலை தடையில்லை என்பதால் சாக்குச் சொல்ல இடமில்லை. ஆனந்த் பாண்டியனின் நூலுக்கு நேர் எதிரே வைத்துப் படிக்க வேண்டியது இது. ஒன்று மலைக்குக் கீழே நிலம் கிடைத்தவர்களின் கதை. மற்றது மலைமேல் நிலமே இல்லாமல் உழைத்தவர்களின் கதை.

ஆனால் ஏலக்காய் மலையைத் தமிழில் சொன்ன வகையில் நாவலைச் சினிமா முந்திக்கொண்டது. லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018) தலைச்சுமையோடு மலை ஏறி இறங்குபவன், ஒரு துண்டு நிலம் வாங்கக் காணும் கனவைப் பற்றியது. இசை, பண்ணைப்புரத்துக்காரருடையதே. புத்தகப் பட்டியலில் படத்தைச் சேர்ப்பது முறையல்ல என்று தெரியும். இதன் இடத்தில் வைக்க எழுத்தில் இதற்குச் சமமான ஒன்றை என்னால் நீட்ட முடியவில்லை என்பதால் சேர்க்கிறேன்.

ஊருக்குள் திரும்புவோம். தேனிப் பக்கத்து எழுத்து என்றால் வைரமுத்து, மு. மேத்தா, நா. காமராசன் என்று கவிஞர் பெயராகத்தான் வரும். மேத்தாவின் 'கண்ணீர்ப் பூக்க'ளும் காமராசனின் 'கருப்பு மலர்க'ளும் ஒரு தலைமுறையையே கவிதை எழுதவைத்தன. அதன் நல்லது கெட்டது வேறு கட்டுரைக்கு. உரைநடையில் இந்த மண்ணின் வேலையை விடாமல் எழுதிக்கொண்டிருப்பவர் அல்லிநகரத்து ம. காமுத்துரை. 'மில்' நூற்பாலைத் தொழிலாளரைப் பற்றியது. 'கடசல்' பட்டறை வேலையைப் பற்றியது. 'குதிப்பி' கல்யாண வீட்டுச் சமையல்காரர்களைப் பற்றியது. மூன்றிலும் 'குதிப்பி'யைத்தான் முதலில் சொல்வேன். ஆயிரம் பேருக்குச் சமைத்துப் போட்டுவிட்டு, தன் வீட்டில் உலை வைக்க முடியாதவர்கள். குடி அவர்களைத் தின்கிறது. காமுத்துரை அவர்களைத் திருத்தவும் இல்லை, தியாகியாக்கவும் இல்லை. அடுப்பு மூட்டுவதிலிருந்து பந்தி முடிவதுவரை அந்தத் தொழிலின் ஒழுங்கைச் சொல்லும்போது எழுத்தில் ஒரு வேகம் வருகிறது. பேச்சு அசல் தேனிப் பேச்சு. சென்னை வாசகருக்காக வளைக்கப்படாதது. எங்களூர்க் கல்யாணங்களில் பந்தியில் உட்கார்ந்தவர்கள் ஒருமுறை சமையல் கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்த்தது போலிருக்கும்.

தேனி சீருடையானின் 'நிறங்களின் உலகம்' இன்னொன்று. பார்வை இழந்து, பார்வையற்றோர் பள்ளியில் படித்து, பின்பு பார்வை மீண்ட ஒருவனின் கதை. சொந்த வாழ்விலிருந்து எடுத்தது. பார்வை வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்கும் வாசகருக்கு வறுமை வேறொரு கணக்கு வைத்திருக்கிறது. நாவலாக இன்னும் கட்டுக்கோப்பு இருந்திருக்கலாம். அனுபவமாக இதற்கு இணை குறைவு.

பழைய பெயர் ஒன்றையும் விடக்கூடாது. சி.சு. செல்லப்பாவின் முதல் எழுத்து சின்னமனூரைக் குறிக்கிறது. பிறந்தது அங்கே, வளர்ந்தது வத்தலக்குண்டில். 'எழுத்து' இதழை நடத்திக் கையைச் சுட்டுக்கொண்டவர். அவருடைய 'வாடிவாசல்' நூறு பக்கத்துக்குள் முடியும் குறுநாவல். மாடு, மாட்டுக்கு முன்னால் நிற்பவன், மாட்டுக்குச் சொந்தக்காரரான ஜமீன்தார் என்ற மூன்றே முனை. அண்மையில் பெருமாள்முருகன் தழுவலில் அப்பூப்பன் ஓவியத்தோடு ஆங்கிலத்தில் சித்திர நாவலாகவும் வந்தது. மேலே சொன்ன ஆயிரம் பக்க நூல்களையெல்லாம் பார்த்து மலைத்தவர் இதிலிருந்து தொடங்கலாம். ஒரே மாலையில் முடியும்.

இரண்டு நூல்களைப் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறேன். பக்கத்து ஊரான கோம்பையின் பெயரைத் தாங்கிய நாயினத்தைப் பற்றி அறிய சு. தியடோர் பாஸ்கரனின் இந்திய நாயினங்கள் குறித்த நூல். வேட்டையும் காவலும் போனபின் ஒரு நாய்க்கு என்ன வேலை என்பது நல்ல கேள்விதான். ஆர். பாலகிருஷ்ணனின் 'ஒரு பண்பாட்டின் பயணம்: சிந்து முதல் வைகை வரை' பெரிய, அழகான, விலை கூடிய நூல். இடப்பெயர்களை வைத்து அவர் எழுப்பும் வாதங்களைப் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. ஆண்டிப்பட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்ததை நினைத்தால், ஆநிரைச் சண்டையில் செத்த ஒருவனுக்காகக் கல்லில் எழுதிய ஊர் நம்முடையது என்ற பெருமை வரத்தான் செய்கிறது.

பள்ளத்தாக்குக்கு வெளியே எழுதப்பட்டு, உள்ளே இருப்பவர்கள் படிக்க வேண்டிய அண்மை நாவல்கள் இரண்டு. சோ. தர்மனின் 'சூல்' கரிசல் மண்ணின் ஒரு கண்மாயைப் பற்றியது. அணையை மட்டுமே தண்ணீர் என்று நினைத்துக் கண்மாய்களைத் தூர்த்துக்கொண்டிருக்கும் நமக்கு அதில் நிறைய இருக்கிறது. எஸ். ராமகிருஷ்ணனின் 'சஞ்சாரம்' நாதஸ்வரக் கலைஞர்களைப் பற்றியது. இசை பிறந்த ஊர் என்று பெருமைப்படும் நாம், வாசித்தவர்களை எந்த இடத்தில் உட்கார வைத்தோம் என்று அது கேட்கிறது. 'சஞ்சாரம்' 2018இலும் 'சூல்' 2019இலும் என்று அடுத்தடுத்து சாகித்ய அகாதெமி பெற்றவை இவை.

கையில் காசு ஒரு புத்தகத்துக்குத்தான் என்றால் 'குதிப்பி' வாங்குங்கள். இரண்டுக்கு என்றால் கூடவே 'கள்ளிக்காட்டு இதிகாசம்'. ஆங்கிலம் வாசிப்பவர் ஆனந்த் பாண்டியனையும் ஜெயசீலன் ராஜையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஒன்றை மட்டும் படித்தால் பாதிப் பள்ளத்தாக்குதான் தெரியும். உத்தமபாளையம், கம்பம், சின்னமனூர், போடி நூலகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நாவல், வரலாறு, பொது என்று சிதறிக் கிடக்கும் இந்த நூல்களை எடுத்து, 'நம்ம ஊர்' என்று எழுதி ஒரே தட்டில் வையுங்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்க வரும் பிள்ளைகள் இளைப்பாறும் நேரத்தில் கையில் எடுப்பார்கள்.